12 மில்லி அலுமினிய பிளேட்: சாதாரண சர்குலர் சாவில் அறுக்க முடியுமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
வணக்கம். சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மாங்கூழ் ஆலைக்காரர் ஒருவர் மெஷினுக்கு அடியில் போட இரண்டடிக்கு ஒன்றரை அடியில், 12 மில்லி கனத்தில், இரண்டு அலுமினிய பிளேட் கேட்டிருக்கிறார். நாலு இன்ச் கிரைண்டரில் இரும்பு கட்டிங் வீல் போட்டுப் பார்த்தேன். நாலு விரற்கடை போவதற்குள் வீல் ஓரமெல்லாம் வெள்ளி பூசியதுபோல அடைத்துக்கொண்டது. அப்புறம் தேய்த்துச் சூடானதுதான் மிச்சம். சரி என்று தச்சரிடம் ஏழு இன்ச் சர்குலர் சா இரவல் வாங்கி, அதிலிருந்த 24 பல் மர பிளேடை இறக்கினேன். மெஷின் என் பக்கமாக எகிறியது. அத்தோடு நிறுத்திவிட்டேன். மோட்டார் பவர் போதவில்லையா?

பதில் (ஓசூர்):
பவர் போதும் தம்பி, கோளாறு பிளேடில். இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். அலுமினியம் 660லேயே உருகிவிடும். அதற்கு முன்பே இளகி வீலில் அப்பிக்கொள்ளும். அப்படி அடைத்த வீல் சூடேறி உடையவும் கூடும், முதலில் அதைக் கழற்றிப் போடுங்கள். மர பிளேடின் பல் முன்னால் சாய்ந்திருக்கும். உலோகத்தைக் கொக்கிபோல் இழுக்கும். எகிறியது அதனால்தான். அலுமினியத்துக்கென்றே விற்கும் கார்பைடு முனை பிளேடு வாங்குங்கள், பல் நேராகவோ லேசாகப் பின்சாய்ந்தோ இருக்கும். பெட்டியில் டி.சி.ஜி. (உலோகம் அறுக்க ஏற்ற பல் வடிவம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பிளேடில் போட்டிருக்கும் ஆர்.பி.எம். உங்கள் மெஷினுடையதைவிடக் குறையக் கூடாது.

பதில் (தர்மபுரி, ஜன்னல் வேலை):
அண்ணா சொன்னது சரி. ஆனால் எங்கள் சாப் சாவில் (மேலிருந்து இறக்கி வெட்டும் மெஷின்) போடும் நெருக்கப் பல் பிளேடை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஜன்னல் சட்டத்துக்கு வரும் மெல்லிய செக்‌ஷனுக்கு. கெட்டி பிளேட்டில் சீவல் வெளியேற இடமில்லாமல் பல்லிடுக்கு அடைத்துவிடும். ஏழு இன்ச்சுக்கு 40, 50 பல் போதும். ஜிக் சாவிலும் அறுக்கலாம், ஆனால் பொழுது போய்விடும். 12 மில்லியில் பிளேடு அடியில் வளைந்து கோடு சாயும்.

கேள்வி கேட்டவர்:
மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டே அறுக்கலாமா?

பதில் (ஓசூர்):
வேண்டாம். கார்பன் பிரஷ் பொறி பறக்கிற மெஷின் அது. வீட்டில் இருக்கிற மெழுகுவர்த்தியைக் கோட்டின் மேல் நன்றாகத் தேயுங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டுப் பல்லிலும் தேயுங்கள். ஒரே மூச்சில் இறக்காமல் நாலு நாலு மில்லியாக மூன்று தடவை. அடியில் பழைய பிளைவுட், ஓரத்தில் நேர்ப்பட்டை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். வெட்டுண்ட துண்டு தொங்கி பிளேடை நெரிக்கக் கூடாது. உங்கள் அளவுக்கு ஒரு துண்டே ஒன்பது கிலோ வரும். கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். சுடச்சுடச் சீவல் காலருக்குள் விழுந்தால் ஆடத்தான் வேண்டும். கையுறை மட்டும் வேண்டாம், சுழலும் பிளேடில் சிக்கினால் விரலையும் இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி கேட்டவர் (நான்கு நாள் கழித்து):
அறுத்துவிட்டேன் அண்ணா. 48 பல் பிளேடு. முதல் தடவை தூளாக வந்தது, பயந்து பயந்து மெதுவாகத் தள்ளியிருக்கிறேன். கொஞ்சம் அழுத்தியதும் குண்டூசித் தலை அளவில் கெட்டிச் சீவலாகக் கொட்டியது, சத்தமும் அடங்கியது. இரண்டாவது பிளேட்டில் பாதியில் மெழுகு தேய்க்க மறந்து மூன்று பல்லில் ஒட்டிக்கொண்டது, பித்தளைத் துண்டால் சுரண்டி எடுத்தேன். வெட்டிய முகம் மட்டும் மேலிருந்து கீழ் ஒரு மில்லி சாய்ந்திருக்கிறது.

பதில் (தர்மபுரி, ஜன்னல் வேலை):
இரவல் மெஷின் இல்லையா, அடித்தட்டு வளைந்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லியை அரத்திலேயே எடுத்துவிடலாம்.