எட்ஜ் ரிடென்ஷனுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கோவை, கையேட்டுத் தொகுப்பாளர்:

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, மலையேற வரும் புதியவர்களுக்காக எங்கள் நடைக்குழு ஒரு சிறு கையேடு போடுகிறது. காலணி, தண்ணீர், அட்டைப்பூச்சி எல்லாம் எழுதியாயிற்று. கத்தி அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டேன். எந்த எஃகு வாங்கலாம் என்கிற இடத்தில் ஹார்ட்னஸ், டஃப்னஸ், எட்ஜ் ரிடென்ஷன் மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலிரண்டுக்குக் கடினம், உறுதி என்று போட்டு ஒப்பேற்றிவிட்டேன். மூன்றாவது, அதாவது தீட்டிய கூர் எவ்வளவு காலம் மழுங்காமல் இருக்கும் என்பது. அதற்கு நண்பர் ஒருவர் "விளிம்புத் தக்கவைப்பு" என்று எழுதித் தந்தார். வங்கிப் படிவம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

கோபி வாத்தியார்:

அம்மிணி, விளிம்பு வேண்டாம். விளிம்பு கிணற்றுக்கும் உண்டு, சோற்றுத் தட்டுக்கும் உண்டு. வெட்டுகிற பக்கத்துக்குத் தமிழில் வாய் என்று பெயர். தச்சருடைய வாய்ச்சியில் இருப்பதும் அதுதான் என்பது என் துணிபு. "முனை" என்றும் எழுதிவிடாதீர்கள், அது குத்துகிற நுனி. புறநானூறு 95இல் ஔவை "கோடுநுதி சிதைந்து" கொல்லன் பட்டறையில் கிடக்கும் வேலைக் காட்டுகிறாரே, அங்கே சிதைந்தது நுதி. நுதி வேறு, வாய் வேறு. ஆகவே "வாய்நிலைப்பு" என்க.

திருப்பூர்:

"இந்தக் கத்திக்கு வாய்நிலைப்பு அதிகம்" என்று அச்சில் வந்தால், நம் குழுவில் சிலரைக் குத்திக்காட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள் வாத்தியாரய்யா.

சேலம், உலோகவியல்:

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். கடினமாக இருந்தால் கூர் நெடுநாள் இருக்கும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். 1095 என்ற எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.95 விழுக்காடு. டி2வில் கரிமம் 1.5, குரோமியம் 12 விழுக்காட்டை ஒட்டி. இரண்டையும் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் ஒரே 60க்குக் கொண்டுவந்து ஒரே கோணத்தில் தீட்டினாலும், அட்டையும் கயிறும் அறுக்கும்போது டி2வின் கூர்தான் பிந்தி மழுங்கும். அதற்குள் குரோமியமும் கரிமமும் சேர்ந்து உண்டாகும் கார்பைடு துகள்கள் தேய்மானத்தைத் தாங்குகின்றன. ஆனால் அதே துகள்களால், அடி விழுந்தால் 5160 போன்ற ஸ்பிரிங் எஃகைவிட எளிதாகச் சில்லு பெயரும். அந்த 5160இல் கரிமம் 0.6தான். ஆக மூன்று குணம், மூன்று சொல். கடினத்தோடு இதைக் கலக்கக் கூடாது. "உறுதி"யும் சரியில்லை, அதை வலிமைக்கு ஏற்கெனவே செலவழித்துவிட்டோம்.

கையேட்டுக்கு ஒரு யோசனை: ஊருக்குள் பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, துருப்பிடிக்காத மடக்குக்கத்தி போதும். மலையில் விறகு பிளக்கிறவர் மடங்காத கத்தியாக, ஒடியாத எஃகாகப் பார்த்து வாங்கட்டும். ஆனால் வால்பாறை மழையில் 1095ஐ எண்ணெய் தடவாமல் வைத்தால் காலையில் செம்புள்ளி தெரியும்.

சென்னிமலை:

ஏனுங்க, இத்தனை பேரு சேர்ந்து தேடற சொல்லு எங்க பட்டறையில தினமும் அடிபடுதுங்க. கொறங்காட்டுல கிளுவை வேலி வெட்டறவங்க கொடுவாளைக் கொண்டுவந்து "கூரு நிக்க மாட்டீங்குது" அப்படீம்பாங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. காய்ச்சித் தண்ணியில முக்கற தோய்ச்சல் குறைஞ்சா வாய் மடங்கும். தோய்ச்சல் ஏறிப்போச்சுன்னா பல்லுப் பேந்துரும். ரெண்டும் வேற வேற சீக்கு. லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சா ஒடியாது, ஆனா அடிக்கடி தீட்டோணும். சேலத்துக்காரர் நம்பர் போட்டுச் சொன்னதும் இதத்தானுங்க.

சேலம், உலோகவியல்:

அதேதான். "கூர் நிற்றல்" என்றே வைத்துக்கொள்ளலாம். டஃப்னஸுக்கு "ஒடியாமை".

கோபி வாத்தியார்:

நிற்றல் வாக்கியத்துக்குச் சரி, கலைச்சொல்லுக்கு நீளம். ஏல் என்பதிலிருந்து ஏற்பு வந்ததுபோல நில் என்பதிலிருந்து "நிற்பு" ஆக்கலாம். கூர்நிற்பு. ஆயினும் "கூர்" எனக்கு உடன்பாடில்லை. கூர் என்பது பண்பு, வாய் என்பது உறுப்பு. வள்ளுவர் பொருளைச் சொல்லும்போது "எஃகதனிற் கூரிய தில்" என்கிறார். அங்கே எஃகு உலோகம் அன்று, படைக்கலம். எஃகு என்பதே கூரிய கருவியைக் குறித்த சொல்லாக இருந்து பிறகு உலோகத்துக்கு ஆனது. எனவே "எஃகின் கூர்" என்பதே கூறியது கூறல்.

டொராண்டோ:

ஐயா, நாங்கள் ஈழத்தில் உருக்கு என்றுதான் சொல்லுவோம், அந்தக் குழப்பம் எங்களுக்கில்லை. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்தியாவிலிருந்து வந்த "வூட்ஸ்" எஃகைப் பற்றிக் கட்டுரை வாசித்தாரல்லவா, அந்தச் சொல் கன்னட உக்கிலிருந்து வந்தது என்பார்கள். உருக்குத்தான் உக்காகித் தேய்ந்து வூட்ஸ் ஆனது என்று நான் பல காலமாகச் சொல்லிவருகிறேன்.

கோபி வாத்தியார்:

தேய்ந்தது சொல்லா, ஆய்வா? ஆனால் நொய்யற்கரைக் கொடுமணலில் அகழ்ந்தபோது எஃகு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்தது. பதிற்றுப்பத்து "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று பாடிய அதே ஊர். இவர் பட்டறை இருக்கும் சென்னிமலையிலிருந்து கூப்பிடு தூரம். உருக்கு என்ற சொல் இங்கேயும் வழங்கியதே. ஈழத்துக்கு மட்டும் பட்டா எழுதிக்கொடுக்க முடியாது.

டொராண்டோ:

பட்டா கேட்கவில்லை ஐயா, வழக்கைச் சொன்னேன்.

பொள்ளாச்சி:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். கையேட்டில் ஆனைமலைச் சரணாலயத்து டாப்ஸ்லிப் இருக்கிறதா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. ஆயுதம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் கத்தியும் உண்டு. கூர் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன, கத்தி வாயிலிலேயே நின்றுவிடும். இதை முதல் பக்கத்தில் போடுங்கள்.

கோவை, கையேட்டுத் தொகுப்பாளர்:

போட்டுவிட்டேன், கட்டம் கட்டியே. நன்றி. இந்த இழையில் உருப்படியாகக் கிடைத்தது இதுதான் என்று சொன்னால் யாரும் கோபிக்க வேண்டாம். வியாழன் ஆகிவிட்டது. பொருளடைவுக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். "கூர்நிற்பு", "வாய்நிலைப்பு" இரண்டில் ஒன்று சொல்லுங்கள்.

திருப்பூர்: கூர்நிற்பு.

சேலம், உலோகவியல்: கூர்நிற்பு. கூடவே ஒடியாமை.

டொராண்டோ: கூர்நிற்பு, அரைமனதோடு. எஃகுக்குப் பக்கத்தில் உருக்கு என்றும் ஒருதரம் எழுதுங்கள்.

சென்னிமலை: நிற்புன்னா எங்க ஊருல ஒருத்தருக்கும் விளங்காதுங்க. "கூர் நிக்கும்"னு எழுதுங்க, அடைவுல கூர்னு போட்டுப் பக்க எண்ணைக் குடுத்துருங்க.

கோவை, கையேட்டுத் தொகுப்பாளர்:

இதுவே நல்ல வழி. உள்ளே எங்கும் "கூர் நிற்கும், நிற்காது" என்று வினையாகவே வரும். அடைவில் மட்டும் கூர்நிற்பு. தினமும் கூடவே வைத்துக்கொள்ளும் கத்தியை எவ்ரிடே கேரி என்கிறார்களே, அதற்கு "அன்றாடக் கத்தி" என்று போட்டு முடித்துவிட்டேன். அதற்கு இழை தொடங்க வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன்.

கோபி வாத்தியார்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்: மழுங்குவது வாய். அப்புறம், அன்றாடக் கத்தி என்பது அடுப்படியில் கிடப்பது. வேட்டி மடியில் வைப்பதும் மடக்குவதும் ஒரே சொல்லில் வரும்படி "மடிக்கத்தி" என்று இருக்கலாம். மடி என்றால் சோம்பல் என்று யாராவது குறளைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், அதற்கும் என்னிடம் விடை இருக்கிறது. அச்சகத்தில் இன்னும் திருத்த முடியுமா அம்மிணி?