தகா பின்னத்துக்கு ஒரு தக்க பெயர்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கேரள எல்லையில் உள்ள எங்கள் பள்ளியின் தமிழ்வழி ஐந்தாம் வகுப்புக்காகப் பின்னங்கள் பற்றிய பயிற்சித்தாள் ஒன்றை வெள்ளிக்கிழமை காலைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லைத் தவிர எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். மேலே உள்ள எண்ணான தொகுதி, கீழே உள்ள எண்ணான பகுதியைவிடச் சிறியதாக இருந்தால் தகு பின்னம், இல்லாவிட்டால் தகா பின்னம் என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சொல்லுகின்றன. பொள்ளாச்சியில் உறவினர் உள்ள பிள்ளைகள் அந்தப் பெயர்களோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். அடுத்த அறையில் மலையாளவழிப் பிள்ளைகள் இதையே விஷமபின்னம் என்று படிக்கிறார்கள். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம், சங்கடம். எங்கள் பிள்ளைகளுக்கோ அது குறும்பு. ஆக, ஒரே 5/4 சுவருக்கு இந்தப் பக்கம் தகாததாகவும், அந்தப் பக்கம் வருத்தத்தோடும், இடைவேளையில் இரு வகுப்பும் கலந்து விளையாடும்போது சேட்டை செய்துகொண்டும் இருக்கிறது.

சென்ற வாரம் பழைய நாள்காட்டித் தாள்களை ஒரே நீளப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நான்காக மடித்துக் கிழிக்கச் சொன்னேன். ஒரு கால், இரண்டு கால், மூன்று கால், நான்கு கால் என்று தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனார்கள். துண்டுகள் தீர்ந்ததும் ஒரு சிறுமி பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு துண்டைக் கடன் வாங்கி வரிசையின் கடைசியில் வைத்து, "டீச்சர், அஞ்சு கால்" என்றாள். ஐந்து கால் உள்ள விலங்கு ஏது என்று வகுப்பு சிரித்தது. ஆனால் அவள் செய்ததில் பிழையே இல்லை. ஒவ்வொரு அடியிலும் ஒரு கால் கூடுகிறது என்ற அமைப்பை அவள் கண்டுகொண்டாள். அது நான்கோடு நிற்பதற்கு அவளுக்குக் காரணம் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் கரும்பலகையில் 'தகா பின்னம்' என்று எழுதினேன். "தப்பா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, வைத்த துண்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்தத் துண்டுக்காகத்தான் கேட்கிறேன். வேறு பெயர் உண்டா?

சித்தூரிலிருந்து, செவ்வாய் காலை

டீச்சருக்கு வணக்கம். பெயரை மாற்றுவதற்கு முன் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். தகா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஓடாக் குதிரை என்பதுபோல இதுவும் தகாப் பின்னம் என்று ஒற்று மிகுந்தே வரவேண்டும். தகு பின்னம் வினைத்தொகையாதலால் அங்கே மிகாது. கணக்கு எழுதுகிறவர்கள் இந்த ஒரு 'ப்' விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை.

அடுத்து, பின்னம் என்பதே வடசொல். கை உடைந்த சிலையைப் பின்னமானது என்று சொல்லி வழிபாட்டிலிருந்து ஒதுக்குகிறோம். உடைந்தது என்ற சொல்லோடு தகாதது என்பதையும் சேர்த்துவிட்டால், அந்தச் சிறுமி துண்டைத் திருப்பிக் கொடுத்ததில் என்ன வியப்பு? தொல்காப்பியர் 'அரையென வரூஉம் பால்வரை கிளவி' என்கிறார். பால் என்பது பகுப்பு, அதை வரையறுப்பது பால்வரை. எனவே பின்னத்தைப் பால்வரை எண் என்றும், நீங்கள் கேட்பதை நிறைகடந்த பால்வரை எண் என்றும் சொல்லலாம்.

இடம் வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அளவும் எண்ணும் தொடரும்போது இடையில் ஏ என்னும் சாரியை வரும் என்று சொல்லிவிட்டு, அரை வந்தால் அந்தச் சாரியை பொருந்தாது என்று அந்த நூற்பாவில் விலக்குகிறார். ஒன்றேகால், ஒன்றேமுக்கால் என்று ஏகாரம் போட்டுச் சொல்லும் நாம், ஒன்றரை என்று மட்டும் ஏகாரமில்லாமல் சொல்லுகிறோம் அல்லவா? உங்கள் ஊர்ச் சந்தையில் தேங்காய்க்கு விலை பேசுகிறவர் அறியாமலேயே தொல்காப்பியத்தின்படி பேசிக்கொண்டிருக்கிறார்.

வேலந்தாவளத்திலிருந்து, செவ்வாய் மாலை

புலவர் ஐயாவின் ஒன்றரையை நான் இனி மறக்கமாட்டேன். ஆனால் பால்வரை எண் என்று தாளில் அச்சிட்டால், இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு மாடு வைத்திருக்கும் பிள்ளைகள் அதைப் பால் சொசைட்டிக் கணக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. செயல்பாடுகள் என்று வந்துவிட்டால் இந்தத் தகாதவன்தான் வேலைக்காரன். இரண்டே மூன்றில் ஒன்றை ஒன்றரையால் பெருக்கச் சொல்லுங்கள். கலப்பு பின்னமாகவே வைத்துக்கொண்டு முழு எண்ணை முழு எண்ணாலும் பின்னத்தைப் பின்னத்தாலும் பெருக்கி, இரண்டே ஆறில் ஒன்று என்று தவறாக எழுதும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். அதையே 7/3, 3/2 என்று மாற்றினால் 21/6, அதாவது மூன்றரை, இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. வகுத்தலிலும் இதே கதைதான். எந்த வடிவத்துக்கு மாற்றினால் கணக்கு நடக்கிறதோ அந்த வடிவத்துக்குத் தகாதது என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒன்றைவிட மிகுந்தது என்பதால் மிகு பின்னம் என்று வைத்துக்கொள்ளலாமே. வினைத்தொகை, ஒற்றும் மிகாது, ஐயாவுக்கும் வேலை இல்லை.

மூணாற்றிலிருந்து, புதன் காலை

இலங்கையிலிருந்து திரும்பி வந்த உறவினர் எங்கள் தோட்டப் பகுதியில் உண்டு. அங்குள்ள பாடநூல்களில் இது முறைமையில்லாப் பின்னம். தகாததே பரவாயில்லை என்று தோன்றுகிறது.

நம் பழைய முறையில் முழு எண்களை மேல்வாய் இலக்கம் என்றும், பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்றும் சொன்னார்கள். 5/4 இரண்டிலும் கால் வைத்திருப்பதால் இருவாய் எண் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் ஏற்கவில்லை. கீழ்வாயில் கால், அரைக்கால் 1/8, வீசம் என்னும் மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 என்று இறங்கிக்கொண்டே போகும் வரிசை இருக்கிறதே, அமைப்புகள் பாடத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. முந்திரியை இரட்டித்தால் அரைக்காணி, அதை இரட்டித்தால் காணி, காணியை நான்கால் பெருக்கினால் மா. இவற்றின் குறியீடுகள் 2019இல் வந்த யூனிகோடு 12ஆம் பதிப்பில் தமிழுக்குச் சேர்க்கப்பட்டுள்ளன. மலையாளத்துக்கும் காணியும் மாவும் கொண்ட இதே போன்ற பின்னக் குறிகள் உண்டு. மாகாணியும் அரைக்காணியும் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். விஷமம் பிரித்த பிள்ளைகளை மாகாணி சேர்த்துவைக்கும். முந்திரி மட்டும் சேர்க்காது, ஏனென்றால் மலையாளப் பிள்ளைக்கு அது திராட்சை.

கால் என்ற பெயரே நாற்கால் விலங்கின் ஒரு காலிலிருந்து வந்தது என்பது என் நெடுநாளைய எண்ணம். அந்த வகுப்பின் சிரிப்பு சொல்லாராய்ச்சியின் பக்கமே நிற்கிறது.

சித்தூரிலிருந்து, புதன் பிற்பகல்

கால் பற்றிய விவாதத்தைத் தனி மடலில் வைத்துக்கொள்வோம், ஏனென்றால் காற்றுக்கும் கால் என்று பெயர் உண்டு, அதற்கு விலங்கு எங்கே போவது.

மிகு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மயிற்பீலியே ஆனாலும் 'சால மிகுத்துப் பெயின்' வண்டியின் அச்சு முறியும் என்றுதான் குறள் சொல்லுகிறது. மிகுதல் என்பதற்குள் அளவு மீறிய குற்றம் ஒன்று ஒளிந்திருக்கிறது. தகாமையை வாசல் வழியே அனுப்பிவிட்டு, கொல்லை வழியே அதன் தம்பியை அழைக்கிறீர்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து, புதன் இரவு

கணக்கு ஆசிரியன் என்ற முறையில் எனக்குக் குறளைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. தொகுதி பகுதிக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால் தகாப் பின்னம் என்பதுதான் வரையறை. 4/4 ஒன்றைவிட மிகவில்லை. மிகு பின்னம் என்று பெயரிட்டால் அது வெளியே நின்றுவிடும். டீச்சர் அடுக்கிய வரிசையில் நான்காவது துண்டுக்கு வீடு இல்லாமல் போகும். ஆகவே, ஒன்றுக்குக் குறையாதது என்ற பொருளில் குறையாப் பின்னம் என்று சொல்லலாம் (ஒற்றுப் போட்டுவிட்டேன், ஐயா). 4/4 குறையவில்லை, 5/4உம் குறையவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வியாழன் காலை

கொல்லங்கோட்டு சாரின் சொல்லைத்தான் மனம் முதலில் பற்றிக்கொண்டது. துல்லியத்தில் அதற்கு நிகரில்லை. நேற்றே ஏற்றுக்கொண்டு தட்டச்சும் செய்துவிட்டேன். இன்று காலை வகுப்பில் சொல்லிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் தெருவில் பேசும் மொழியில் குறைப்பது என்றால் கழிப்பது. மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது, ஆகையால் ஐந்திலிருந்து மூன்றைக் கழி என்றால் இவர்களுக்குச் சிரிப்பு வரும். குறை என்றால்தான் கணக்குச் செய்வார்கள். குறையாப் பின்னம் என்றதும் ஒரு பையன் எழுந்து, "அப்போ இதுலேர்ந்து எதையும் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டான். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அத்தோடு, எதிர்ச்சொல்லாகக் குறை பின்னம் என்று ஒன்று வந்தால், முக்காலைக் குறையுள்ளது என்று சொல்லிவிட்டோமே என்ற பழி அடுத்த ஆண்டு வரும்.

வேலந்தாவளத்திலிருந்து, வியாழன் நண்பகல்

அச்சகத்தார் நமக்காகக் காத்திருக்கமாட்டார். பிள்ளைகள் நாளை பொள்ளாச்சியிலோ வேறெங்கோ போய்ப் படிக்கும்போது பாடநூல் சொல்லும் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். மிகு பின்னத்தைத் தலைப்பில் வைத்து, பாடநூற் பெயரைக் கீழே ஒரு வரியில் கொடுத்துவிடுங்கள்.

மூணாற்றிலிருந்து, வியாழன் மாலை

மிகு பின்னத்துக்கே என் வாக்கு. இருவாயைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. தாளின் தலைப்பில் மிகு பின்னம் என்றும், அதன் கீழே 'பாடநூலில் இதன் பெயர் தகாப் பின்னம்' என்றும், ஒற்றோடு, எழுதிவிட்டேன். கொல்லங்கோட்டு சாரின் தடைக்கு என்னிடம் விடை இல்லை. அதனால் அதையே ஏழாவது வினாவாக வைத்திருக்கிறேன்: 'நான்கு கால்கள் சேர்ந்தது தகு பின்னமா, மிகு பின்னமா, இரண்டும் இல்லையா? உன் காரணத்தை எழுது.' விடைக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறேன்.

சித்தூரிலிருந்து, வெள்ளி அதிகாலை

ஒற்றுக்கு மகிழ்ச்சி. சொல்லுக்கு இல்லை. ஏழாவது வினாவுக்குப் பிள்ளைகள் எழுதும் காரணங்களை மறக்காமல் குழுவுக்கு அனுப்புங்கள்.