புதுப்பிப்பு: ரூட் கேனால் செய்த கடைவாய்ப்பல்லில் மறுபடி வலி

ரூட் கேனால் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, மேல் முதல் கடைவாய்ப்பல் கடிக்கும்போது வலிக்கிறது, சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சிபிசிடி (பல்லின் முப்பரிமாண எக்ஸ்ரே) ஸ்கேன் வந்துவிட்டது. கன்னப்பக்க முன்வேரின் இரண்டாவது கால்வாய் (வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்) சுத்தம் செய்யப்படாமலே கிடக்கிறது. வேர்நுனியில் எலும்பு கரைந்திருக்கிறது. இந்தப் பல்லில் அடிக்கடி தவறிப்போகும் கால்வாய் இதுதான். சாதாரண எக்ஸ்ரேயின் தட்டையான படத்தில் வேறொரு கால்வாயின் பின்னால் மறைந்துவிடும்.

ஈறைச் சுற்றி அளந்ததில், ஒரே புள்ளியில் மட்டும் ஆழமாக இறங்கும் பை (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலான இடைவெளி) இல்லை. இருந்திருந்தால் வேர் விரிசல் சந்தேகம். விரிசல் என்றால் பெரும்பாலும் பல்லை எடுப்பதுதான் வழி.

அடுத்தது மறுசிகிச்சை: பழைய கட்டாபெர்ச்சாவை (கால்வாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) எடுத்து, கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட்டால் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, சில வாரம் கழித்து அடைப்பு. வெறும் ஆன்டிபயாட்டிக் உதவாது, ரத்த ஓட்டமற்ற கால்வாய்க்குள் அது போய்ச் சேராது.