காதுக்கு முன்னால் 'டக்' சத்தம், ஒரு பக்கம் கடி சேரவில்லை: பல்லை ராவலாமா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
வணக்கம் மக்களே. வயது 36. வாய் திறந்தால் இடது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம், ரொம்ப வருஷமாகவே உண்டு, வலி இல்லாததால் கண்டுகொள்ளவில்லை. போன மாதத்திலிருந்து காலையில் எழுந்தால் இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் சேரவே மாட்டேன் என்கின்றன, நடுவில் ஒரு அட்டை நுழைகிற இடைவெளி. வலது பக்கம் மட்டும் முட்டுகிறது. மதியம் ஆவதற்குள் ஓரளவு சேர்ந்துவிடும், மறுநாள் காலையில் திரும்ப அதே கதை. பக்கத்து கிளினிக்கில் தாடை முழுவதும் ஒரே படத்தில் தெரிகிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது, வலது பக்கம் இரண்டு பல்லை லேசாக ராவிவிட்டால் கடி சமமாகிவிடும், சரிவராவிட்டால் இடது பக்கம் கேப் போட்டு உயர்த்தலாம் என்கிறார்கள். ராவின பல் திரும்ப வளராதே என்று தயக்கமாக இருக்கிறது. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

மூலக்கொத்தளம் பையன்:
ப்ரோ, ராவுவதற்கு ஏன் இவ்வளவு பயம்? எனக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டபோது உயரமாகிவிட்டது, மெல்லும்போதெல்லாம் அந்தப் பல்தான் முதலில் இடிக்கும். நீலத் தாளை வைத்து 'டக் டக்கென்று கடி' என்றார்கள், கேப் மேல் நீலம் அழுத்தமாகப் பட்ட இடத்தை மட்டும் தேய்த்தார்கள். நாற்காலியை விட்டு இறங்கும்போதே நிம்மதி.

பெரம்பூர் பல் டாக்டர்:
மூலக்கொத்தளம் தம்பிக்குச் செய்தது சரி, ஆனால் அது வேறு கேஸ். கேப் போட்ட அன்றே இடித்தால் குற்றம் கேப்பில், அதைத் தேய்ப்பதுதான் முறை. கொருக்குப்பேட்டை நண்பருக்கு அண்மையில் பல்லில் யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை, கடியோ காலையில் ஒரு மாதிரி மதியம் ஒரு மாதிரி இருக்கிறது. அரை நாளில் பல்லின் உயரம் மாறாது. மாறுவது கீழ்த்தாடை போய் உட்கார்கிற இடம். இவருக்கு எட்டு மணிக்கு நீலத் தாள் வைத்தால் ஒரு பல்லில் புள்ளி விழும், இரண்டு மணிக்கு வைத்தால் வேறு பல்லில் விழும். எந்தப் புள்ளியை நம்பி ராவுவது?

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள், அசைவது தெரியும், அதுதான் தாடை மூட்டு. தாடை எலும்பின் தலைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் வாஷர் மாதிரி ஒரு டிஸ்க் இருக்கிறது. அது முன்பக்கம் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறுகிற நொடியில் 'டக்'. வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம், எத்தனையோ பேருக்கு இருக்கிறது. ஆனால் மூட்டு வீங்கி உள்ளே நீர் கோத்தால் அந்தப் பக்கத் தாடை சற்றுக் கீழே தள்ளப்படும், கடைவாய்ப் பல் சேராது. தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்து, தாடையை முன்னே இழுக்கிற தசை இறுகிப்போனாலும் இதே மாதிரி ஆகலாம், காலையில் அதிகமாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். இந்த நேரத்தில் வலது பக்கத்தை ராவினால், நாளைக்கு வீக்கம் வடிந்து இடது பக்கம் ஒழுங்காக உட்காரும்போது ராவின பல் எட்டாமல் நிற்கும், அப்புறம் அதற்கு ஒரு கேப்.

1934-ல் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், பல் போய்க் கடி இறங்குவதால்தான் இந்த மூட்டு கெட்டுக் காதுவரை தொல்லை வருகிறது என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு பல காலம் மூட்டு வலிக்குப் பல்லைத்தான் சீர்செய்தார்கள். இன்றைக்கு, பின்வாங்க முடியாத எதையும் முதலில் செய்யாதே என்பதுதான் பொதுவான கருத்து. கொஞ்ச நாள் மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், தசைக்குப் பயிற்சி, தேவைப்பட்டால் மாத்திரை, இரவில் பல் கடிப்பவராக இருந்தால் பல்லின்மேல் மாட்டிக்கொள்கிற ஸ்ப்லின்ட் என்கிற தட்டு. முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடலாம், மேலே நொறுக்கிப் போடுகிற மொறுமொறு பேஜோவை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓ.பி.ஜி.யில் டிஸ்க் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், ஆனால் எடுத்த எடுப்பில் அதற்கு ஓட வேண்டியதில்லை.

மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா? மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) போடுவீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், நம்ம ஏரியாவில் இதைக் கேட்காமல் விட முடியாது. பாக்கினால் கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகி வாய் திறக்காமல் போவது தனி நோய், மூட்டுக் கோளாறு என்று நினைத்து அதைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

ராயபுரம் நிர்மலா:
எங்கள் அத்தைக்கு இதற்கு நேர் எதிர். தையல்காரர், நூலை முன்பல்லால் கடித்துத்தான் அறுப்பார். ஒரு கட்டத்தில் நூல் பல்லுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வந்தது, அறுபடவில்லை. கடைவாய் மட்டும் முட்டுகிறது, முன்னால் திறந்தே நிற்கிறது. கம்பி போட்டு முன்பல்லை இழுக்கலாம் என்றுகூட ஒரு இடத்தில் சொன்னார்கள். பார்த்தால் முடக்குவாதம், கை விரலில் இருந்த அதே நோய் இரண்டு பக்கத் தாடை மூட்டையும் தின்று எலும்பின் உயரம் குறைந்திருக்கிறது. நோய் அடங்காமல் கடியில் கை வைக்காதீர்கள் என்று வாத நோய் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணா, உங்களுக்குக் காலையில் விரல் மூட்டெல்லாம் இறுகிக்கொள்கிறதா என்றும் கவனியுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் கோட்டை ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று விரல் போகிறது. மாவா பழக்கம் கிடையாது டாக்டர், விரல் மூட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆன்லைனில் வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்துப் பல்லுக்கு ஏற்ற மாதிரி ஆக்கிக்கொள்கிற நைட் கார்டு விலை குறைவாக வருகிறதே, அது போதுமா?

பெரம்பூர் பல் டாக்டர்:
வேண்டாம். மெத்தென்று இருப்பதைச் சிலர் இன்னும் அதிகமாகக் கடிப்பார்கள். முன்பல்லை மட்டும் மூடுகிற மாடல் அதைவிட மோசம், மாதக்கணக்கில் போட்டால் மூடாத கடைவாய்ப் பல் மெல்ல மேலே எழும்பிக் கடியே நிரந்தரமாக மாறிவிடலாம். அளவெடுத்து, எல்லாப் பல்லையும் மூடுகிற மாதிரி கெட்டியான அக்ரிலிக்கில் செய்யச் சொல்லுங்கள், மூட்டு தணியத் தணியக் கடி நகரும், அதற்கேற்ப ஸ்ப்லின்ட்டைத் தேய்த்துக்கொள்ளலாம். தேய்வது பிளாஸ்டிக்தானே. இன்னொன்று, ஒருநாள் அந்த 'டக்' சத்தம் திடீரென்று நின்று, வாயும் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை என்றால் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். டிஸ்க் முன்னாலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம், தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.