பிளாக் கிரீக் கிராமத்துக்குப் போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. வருகிற சனிக்கிழமை டொராண்டோவில் இருக்கும் தி வில்லேஜ் அட் பிளாக் கிரீக்குக்கு (முன்பு பிளாக் கிரீக் பயனியர் வில்லேஜ் என்ற பெயர்; பழைய வீடுகளும் பட்டறைகளும் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகம்) அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக இருக்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பு. அந்தக் காலத்தில் ஒண்டாரியோவில் குடியேறியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பள்ளியில் படிக்கிறாள், அதனால் 1816இல் ஸ்டாங் குடும்பம் மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீடு இன்னும் அதே இடத்தில் நிற்கிறது என்று சொன்னதிலிருந்து எப்போது போவோம் என்று ஒரே கேள்விதான்.

எனக்கு ஆசை 1842இல் கட்டிய ரோப்ளின் மாவு ஆலையைப் பார்க்க. தண்ணீர்ச் சக்கரம் சுற்ற, ஆலைக்கல் மாவு அரைக்குமாம். அம்மா திரிகையில் உளுந்து உடைத்து வளர்ந்தவர், அவருக்கும் கட்டாயம் பிடிக்கும்.

இனி என் கேள்விகள். கொல்லன் பட்டறை, நெசவு, அச்சகம் இதிலெல்லாம் பிள்ளைகள் தாங்களே தொட்டுச் செய்ய எதில் விடுகிறார்கள்? ஐந்து வயது மகன் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதுதான் பெரிய கவலை. பாதைகளில் சக்கர நாற்காலி தள்ள முடியுமா, பழைய வீடுகளுக்குள் படிகள் அதிகமா? பயனியர் வில்லேஜ் சப்வே நிலையத்தில் இறங்கி நடப்பது அவருக்குச் சரிவருமா, இல்லை காரிலேயே போய்விடவா? அப்புறம், வீட்டுச் சாப்பாடு கொண்டுபோய் உட்கார்ந்து சாப்பிட நிழலான இடம் இருக்கிறதா?