62 கார்வெட் பாடி, சி5 சேஸி: எதை வெட்டுவது?

கேள்வி: 1962 கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் ஃபைபர் பாடியை 1999 சி5 (ஐந்தாம் தலைமுறை கார்வெட்) சேஸியில் உட்கார வைக்கணும். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) பழசுக்கு 2591 மி.மீ., சி5க்கு 2654. சேஸியைக் குறைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சி5ல் என்ஜின் முன்னால, கியர்பாக்ஸ் பின்னால. நடுவில் ரெண்டையும் இணைக்கும் டார்க் டியூப் என்ற குழாய். சேஸியைக் குறைத்தா டியூபையும் உள்ளே ஓடும் ஷாஃப்ட்டையும் குறைக்கணும். பாடியையே கதவுக்கு முன்னால வெட்டி 63 மி.மீ. நீட்டுங்க. தரை, டனல் (அந்த டியூப் ஓடும் நடு மேடு), ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பு) சி5 உடையதே இருக்கட்டும். அதை அறுத்தா சேஸி முறுக்கும், ஃபைபரில் விரிசல் விழும்.

பதில்: நீளம் சின்னப் பிரச்சினை. முன் டிராக் (இடது, வலது முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம்) 1448லிருந்து 1575 மி.மீ. ஆகுது, ஒவ்வொரு பக்கமும் சக்கரம் சுமார் 63 மி.மீ. வெளியே தள்ளும். வீல் மாற்றித் தீராது, ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேல் உள்ள பாடி பகுதி) அகலப்படுத்தியே ஆகணும்.

பதில்: சி5 வயரிங்கில் கை வைக்காதீங்க. திருட்டைத் தடுக்க சாவியில் உள்ள ரெசிஸ்டரைப் படிப்பது பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டி. அந்த மாட்யூலைக் கழற்றினா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.