ரிப்ளை ஆல் தொல்லையைக் குறைப்பது எப்படி?

கேள்வி:
டீமில் 10 பேர். ஒரு அறிவிப்பு போனால் போதும், எல்லாரும் ரிப்ளை ஆல் போட்டு "நோட்டட்", "தேங்க்ஸ்" என்று அனுப்புகிறார்கள். முக்கியமான மெயில் அடியில் போய்விடுகிறது. என்ன வழி?

பதில் 1:
கணக்குப் போட்டுப் பாருங்க. 9 பேர் பதில் போட்டா, ஒவ்வொன்னும் 9 இன்பாக்ஸுக்குப் போகும். ஒரே அறிவிப்புக்கு 81 மெயில்! தகவல் சொல்ல மட்டும்னா 'டூ'வில் உங்க முகவரி, மத்தவங்க எல்லாரும் பிசிசியில் (அங்க போடுற முகவரி மத்த பெறுநர்களுக்குத் தெரியாது). ரிப்ளை ஆல் அழுத்தினாலும் உங்களுக்கு மட்டும்தான் வரும். ஜிமெயில் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் ரிப்ளை பிஹேவியர்' ரிப்ளை ஆல்னு இருந்தா, ரிப்ளைனு மாத்தச் சொல்லுங்க.

பதில் 2:
பிசிசி போட்டால் யாருக்கெல்லாம் போனது என்று தெரியாது, சிலர் அதையே வேறொருவருக்கு ஃபார்வர்ட் செய்வார்கள். முதல் வரியிலேயே "பெறுநர்: கணக்குப் பிரிவு முழுவதும். பதில் தேவையில்லை" என்று எழுதிவிடுங்கள்.
சப்ஜெக்ட்டில் வெறும் "அவசரம்" வேண்டாமே. "மார்ச் பில்: வெள்ளி 4 மணிக்குள் ஒப்புதல்" என்றால் திறக்காமலே விஷயம் புரியும்.

பதில் 3:
ஏற்கெனவே ஓடுற மெயில் சங்கிலிக்கு ஜிமெயிலில் மியூட் போதும், புதுப் பதில்கள் இன்பாக்ஸில் வந்து நிக்காது. அவுட்லுக்கில் 'இக்னோர்' கொடுக்கும்போது கவனம்: இனி வர்ற பதில்களும் நேரா டெலிட்டட் ஐட்டம்ஸுக்குப் போயிடும். உங்க வேலை இருக்கிற சங்கிலியில் அதைத் தொடாதீங்க.